மேடுபள்ளமான தாள்கள், 412

அடைக்கலம் அந்த மாதத்தில் நான்காவது தடவையாகச் செத்துப்போனார். இந்தத் தடவை யானையால்.

“தெரு நடுவுல யானை நிக்குதுன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல சார்,” என்று குறைப்பட்டுக்கொண்டார்.

“சொன்னேனே. எதிர்ல சூடா மூச்சுக் காத்து வருது, கரும்புச் சக்கை வாசனை அடிக்குது, சங்கிலி கல்லுல உரசுதுன்னு படிச்சேன். நீங்கதான் கரும்பு வண்டின்னு நெனச்சு ஏறப் போனீங்க,” என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

“விடுங்கண்ணே. அடைக்கலண்ணனுக்கு ஓசி வண்டின்னா போதும், யானையா குதிரையான்னு கேக்க மாட்டாரு,” என்றாள் ரஷீதா.

இடம், பாலக்கரையில் ஒரு லாரி கம்பெனி. பார்சல் கொட்டகைக்குப் பின்னால் இருந்த டெலிபோன் அறை. வருடம் 1981. சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு முதலாளி வீட்டுக்குப் போய்விடுவார். போன் மணியும் அடங்கிவிடும். அதற்குப் பிறகு அந்த அறை ஏழு மதில் பட்டணமாகிவிடும்.

ஸ்தனிஸ்லாஸ் அந்தக் கம்பெனியின் டெலிபோன் ஆபரேட்டர். வயது நாற்பத்தாறு. ஏழு வயதில் வந்த அம்மை அவரை விட்டுவிட்டுப் பார்வையை மட்டும் எடுத்துக்கொண்டு போயிற்று. அடைக்கலம் பொன்மலையில் ரயில்வே நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னுகிறவர். ரஷீதா ஊதுவத்தி உருட்டுகிறவள். மூன்று பேருக்கும் கண் தெரியாது. மூன்று பேருக்கும் பட்டணம் தெரியும்.

பட்டணம் என்பது ஸ்தனிஸ்லாஸ் கண்டுபிடித்த விளையாட்டு. கெட்டித் தாளில் ஊசியால் குத்திக் குத்திப் புள்ளி எழுப்பிய பிரெயில் எழுத்தில் இருந்தது. ஆடுகிறவர் ஓர் ஒற்றர். ஏழு மதில்களைத் தாண்டி, நடுவில் தொங்கும் மணியை அடித்துவிட்டு உயிரோடு திரும்ப வேண்டும். ஒவ்வொரு தாளும் ஓர் இடம். கடைசியில் கேள்வி. இடப்பக்கம் திரும்பினால் தாள் முப்பத்தொன்று, கதவைத் தட்டினால் தாள் எழுபத்தேழு. சண்டை வந்தால் தாயக்கட்டை. பித்தளைக் கட்டையில் புள்ளிகள் குழியாகத்தானே இருக்கும், விரலால் தடவினால் போதும்.

அந்தத் தாள்களில் எவ்வளவு தேடினாலும் ஒரு நிறம் கிடைக்காது. காலடியில் என்ன கல், காற்று எங்கே நிற்கிறது, எந்த மூலையில் சம்பங்கி, எந்த வாசலில் நெய் என்றுதான் இருக்கும். பல வருடம் ஸ்ரீரங்கத்து வீதிகளில் நடந்து பொறுக்கிய சங்கதிகள் அவை. நானூற்றுப் பன்னிரண்டு தாள். குத்தி முடிக்க மூன்று வருடம்.

இருந்தது ஒரே பிரதி. அதில்தான் சிக்கல்.

ஸ்தனிஸ்லாஸுக்குச் சர்க்கரை வியாதி. இடது கை விரல்கள் போன வருடமே மரத்துவிட்டன. வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றுதான் இன்னும் புள்ளிகளைக் கண்டுபிடித்தது. தில்லை நகர் டாக்டர் அதை ஊசியால் குத்திப் பார்த்துவிட்டு, ஒரு வருஷம் தாங்கும், அதுக்கு மேல நான் பொறுப்பில்லை என்றார். மரத்த கையால் இன்னொரு தடவை நானூறு தாள் குத்த முடியாது. ரஷீதாவுக்குப் படிக்கத் தெரியும், ஆனால் பொழுது முழுக்க ஊதுவத்தி உருட்டுகிறவளுக்குக் குத்தி எழுத ஏது நேரம். புதுக்கோட்டையிலிருந்து பார்வையற்ற வாத்தியார் ஒருவர், எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பிரதி கிடைக்குமா என்று மூன்று கடிதம் போட்டுவிட்டார். விரல் சாவதற்குள் பட்டணத்துக்குப் பிரதி எடுத்துவிட வேண்டும். ஸ்தனிஸ்லாஸின் ஆசை அவ்வளவுதான்.

பிரெயில் அச்சு இயந்திரம் ஜில்லாவிலேயே ஒன்றுதான் இருந்தது. அது பார்வையற்றோர் மகிழ்வு வாரியத்துக்குச் சொந்தம். ஸ்ரீரங்கத்தில் ஒரு கிடங்கில், துணி உறை போர்த்தி நின்றது. அதுவரை அதில் அச்சானது ஒன்றே ஒன்று: வாரியத் தலைவரின் பொங்கல் வாழ்த்து.

வாரியத்தின் ஆபீஸ் கண்டோன்மென்ட்டில் இரண்டாவது மாடி. லிஃப்ட் உண்டு. அதில் பழைய கோப்புகள் அடுக்கியிருந்தார்கள். மாடிப்படிக்குக் கைப்பிடி கிடையாது. மேலே ஏறியதும் சுவரில் பெரிதாக, சிவப்பும் பச்சையுமாக, ‘பார்வையற்றோர் இந்த அறிவிப்பைக் கவனமாகப் படிக்கவும்’ என்று எழுதியிருந்தது. ஸ்தனிஸ்லாஸ் கவனிக்காமல் உள்ளே போய்விட்டார். அது அவர் செய்த முதல் குற்றம்.

விண்ணப்பத்தைச் சொந்தக் கையெழுத்தில் நிரப்ப வேண்டும் என்றார்கள். போட்டோ வேண்டும், விண்ணப்பதாரர் கேமராவை நேராகப் பார்த்திருக்க வேண்டும். பார்வை இல்லை என்று சர்டிபிகேட் வேண்டும். போன வருடத்துச் சர்டிபிகேட்டை நீட்டினார். அது போன வருடம். இடையில் முன்னேற்றம் ஏற்பட்டிருக்கலாம் அல்லவா என்று கேட்டார்கள். ஸ்தனிஸ்லாஸ் யோசித்துப் பார்த்துவிட்டு, இல்லைங்க என்றார். அதை நீங்கள் சொல்லக் கூடாது, டாக்டர் சொல்ல வேண்டும் என்றார்கள்.

நான்காவது நடையில்தான் மகிழ்வு அலுவலரைப் பார்க்க முடிந்தது. பெயர் நல்லுசாமி. குரலில் தாராளம். உட்காரச் சொன்னார். நாற்காலி எங்கே என்று சொல்லவில்லை.

“மிஸ்டர் ஸ்தனிஸ்லாஸ், நான் கால்நடைத் துறையில இருந்து வந்தவன். அங்க இருந்தவரைக்கும் மகிழ்ச்சின்னா என்னன்னே எனக்குத் தெரியாது. இங்க பதினோரு வருஷமா உங்க ஆளுங்க மகிழ்ச்சிதான் என் வேலை. அதுல ஒருத்தரையும் நேர்ல பார்த்ததில்ல. நீங்கதான் முதல் ஆளு.”

ஸ்தனிஸ்லாஸ் தாள் கட்டினை மேஜை மேல் வைத்தார். புள்ளிகள் எழும்பி நிற்பதால் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் ஓர் அடி உயரம் நின்றன. நல்லுசாமி ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

இது என்ன விளையாட்டு என்றார். பந்து எங்கே? பந்து இல்லை என்றால் விளையாட்டுப் பிரிவில் சேராது. புத்தகம் என்றால் நூலகப் பிரிவு, ஆனால் புத்தகத்தை ஒன்று, இரண்டு, மூன்று என்று படிக்க வேண்டும்; ஒன்றிலிருந்து முப்பத்தொன்றுக்குத் தாவினால் அது ஒழுங்கீனம். அரை மணி நேரம் யோசித்து, ‘இதர மகிழ்ச்சி’ என்ற தலைப்பில் கோப்பு திறந்தார்கள்.

செல்வமேரி அந்தப் பிரிவின் கிளார்க். பாலக்கரைக் கோயிலில் ஸ்தனிஸ்லாஸைப் பார்த்திருக்கிறாள். இரக்கமுள்ள பெண், அதைவிடச் சுத்தக்காரி. அவள் மேஜையில் ஒரு காகிதம் கோணலாக இருந்து யாரும் பார்த்ததில்லை. கட்டினை அளந்து பார்த்துவிட்டு வருத்தமாகச் சொன்னாள்.

“ரூல் பதினாலுன்னு ஒண்ணு இருக்குண்ணே. கோப்பு எதுவும் நாலு அங்குலத்துக்கு மேல பருக்கக் கூடாது. இது பன்னெண்டு அங்குலம் இருக்கு. பீரோவுல நுழையாது.”

அதனால் அன்றைக்குக் கட்டு திரும்பி வந்தது. ரூல் பதினாலு செய்த ஒரே உபகாரம் அது. அதை அப்போது யாரும் உணரவில்லை.

பட்டணத்தைச் சோதிக்க மூன்று பேர் கொண்ட நிபுணர் குழு அமைத்தார்கள். ஆகஸ்டு மாதம், கீழச் சித்திரை வீதியில் ஒரு கூடத்தில் கூடினார்கள். தலைவர் நல்லுசாமி. இரண்டாவது ஒரு கண் டாக்டர். மூன்றாவது, வேங்கடவரதன் என்று ஒரு ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், அந்த வீதியிலேயே பிறந்து வளர்ந்தவர். நிபுணர்கள் பார்வையற்றோரின் அனுபவத்தை நேரடியாகப் பெற வேண்டும் என்பதற்காக வாரியம் கறுப்பு வெல்வெட்டில் மூன்று கண்கட்டு தைத்திருந்தது. ஒரு பார்வையற்றவரைக் குழுவில் போட்டிருக்கலாமே என்று ஸ்தனிஸ்லாஸ் கேட்டுவைத்தார். அவருக்குக் கண்கட்டு தேவைப்படாது, அதனால் அவர் அனுபவத்தை நாம் சரிபார்க்க முடியாது என்று பதில் வந்தது.

கண்ணைக் கட்டியதும் டாக்டர் தூங்கிவிட்டார். குறிப்பேட்டில் ‘ஆழ்ந்த ஈடுபாடு’ என்று எழுதப்பட்டது.

ஸ்தனிஸ்லாஸ் முதல் தாளைத் தடவிப் படித்தார். “முதுகில் வெயில். காலடியில் கருங்கல், நடுவில் தேய்ந்த பள்ளம். இடப்பக்கம் கொல்லன் சம்மட்டி. வலப்பக்கம் சம்பங்கி. எதிரே காற்று நின்றுவிட்டது; அங்கே மதில். மதிலடியில் ஒருவன் வெற்றிலை மென்றபடி, யார் என்று கேட்கிறான். ஒளிந்துகொள்கிறீர்களா, பாக்கு நீட்டுகிறீர்களா, திரும்பிப் போகிறீர்களா?”

நல்லுசாமி மூன்றையும் ஏற்கவில்லை. “நான் யாருன்னு அவனுக்குத் தெரியுமான்னு கேளுங்க.”

அதுக்குத் தாள் இல்லைங்க என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

“அப்ப அவனோட மேலதிகாரியைக் கூப்பிடச் சொல்லுங்க.”

அதுக்கும் இல்லை. நல்லுசாமி விடவில்லை. காவல்காரன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஈட்டியை எடுத்தான். தாயக்கட்டையை உருட்டியதில் அலுவலருக்கு ஒன்றும் இரண்டும் விழுந்தது. நான்கு நிமிஷத்தில் மகிழ்வு அலுவலர் காலமானார். அவர் கண்கட்டை அவிழ்த்து நேரம் குறித்துக்கொண்டார்.

வேங்கடவரதன் அப்படி இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு தாளுக்கும் காற்று எந்தப் பக்கம் என்று கேட்டுக் கேட்டுப் போனார். ஐந்தாவது மதில்வரை போய்விட்டார். மணி ஒன்றரை ஆயிற்று. சாப்பாட்டு இலை போட்டாயிற்று என்று வந்து சொன்னார்கள்.

“சித்த இருங்கோ ஸ்வாமி. அடியேன் இப்போ மடப்பள்ளி வாசல்ல நிக்கறேன். நெய் வாசனை வரது. இந்த நேரத்துல போய் இலைங்கறேளே.”

கண்கட்டைத் தானே அவிழ்த்தார். எழுபது வருஷமாக இந்த வீதியில் நடக்கிறேன், மூலையில் காற்று திரும்புவதை இன்றைக்குத்தான் கவனித்தேன் என்று ஸ்தனிஸ்லாஸின் கையைப் பிடித்துச் சொன்னார். உடனே அச்சிட வேண்டும் என்று தன் கைப்பட எழுதியும் கொடுத்தார்.

மறு வாரம் அவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். காரணம், பரிசீலனைப் பொருளில் ஆர்வம் காட்டி நடுநிலை தவறினார். மீதி இரண்டு பேர், அதாவது செத்தவரும் தூங்கியவரும், அறிக்கை கொடுத்தார்கள். அரசு வெளியீட்டில் பயனாளி இறக்கக் கூடாது. ஒவ்வொரு தாளிலும் குறைந்தது இரண்டு வண்ணமாவது இருக்க வேண்டும். பார்வையற்றவர் தனியாக ஊர் சுற்றுவதாக வருவது தவறான முன்னுதாரணம். கூடவே ஒரு பொறுப்பான நபர் கையைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். மூன்று வழி இருந்தால் குழப்பம், தாளுக்கு ஒரு வழி போதும். இவற்றுக்கு உட்பட்டு நூறு பிரதி அச்சிடலாம். மூலப்பிரதியை ஒப்படைக்கவும்.

சனிக்கிழமை ஸ்தனிஸ்லாஸ் இதையெல்லாம் சொன்னபோது அடைக்கலத்துக்கு ஒரு ஷரத்து மட்டும் பிடித்திருந்தது. யாரும் சாக வேண்டாம் என்பது.

“வண்ணம் கேட்டா வண்ணம் குடுங்க, மஞ்சள் சுவரு பச்சைக் கதவுன்னு சொல்லிட்டுப் போங்க,” என்றாள் ரஷீதா. “தாள் கட்டை மட்டும் குடுத்துடாதீங்கண்ணே. நம்மகிட்ட வேற இல்ல.”

அவர் செப்டம்பர் முழுக்கக் கொடுக்கவில்லை. வாரியத்திலிருந்து நினைவூட்டல், இரண்டாம் நினைவூட்டல், கடைசி நினைவூட்டல். அந்த வருஷம் சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டு. டிசம்பருக்குள் விழா நடத்தி நூலை வெளியிடாவிட்டால் திட்டம் காலாவதி.

அக்டோபரில் ஒரு காலை டீ கிளாஸை எடுத்தார். சூடு தெரியவில்லை. ஆள்காட்டி விரலை வைத்துப் பார்த்தார். தெரிந்தது, ஆனால் எங்கேயோ அடுத்த அறையிலிருந்து தெரிவதுபோல் தெரிந்தது. கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு கண்டோன்மென்ட் பஸ் ஏறினார்.

செல்வமேரி ரசீது கொடுத்தாள். அதை அவருக்குப் படித்தும் காட்டினாள்: ‘மேடுபள்ளமான பழைய தாள்கள், 412. எழுத்து எதுவும் இல்லை.’

எழுத்து இருக்கும்மா என்றார் ஸ்தனிஸ்லாஸ். இருக்கும்ணே, ஆனா பார்த்தா தெரியணுமே, தெரிஞ்சதைத்தான் நான் எழுத முடியும் என்றாள் அவள். நியாயமாகத்தான் பட்டது.

அதன் பிறகு ஏழு சனிக்கிழமை பட்டணம் கிடையாது. மூன்று பேரும் டெலிபோன் அறையில் உட்கார்ந்து, ரேடியோ கேட்டு, கடலை தின்று, வீட்டுக்குப் போனார்கள். இரண்டு மாசமா நான் சாகவே இல்ல, உடம்பு என்னவோ போல இருக்கு என்றார் அடைக்கலம்.

ஸ்தனிஸ்லாஸ் ஆபரேட்டர் அல்லவா, நாள்தோறும் வாரியத்துக்கு லைன் போட்டார். ஊருக்கே இணைப்புக் கொடுக்கிறவரை அந்த ஆபீஸ் மூன்று மேஜைக்கு மேல் இணைக்கவில்லை. ஒரே ஒரு நாள் செல்வமேரி கிடைத்தாள். கவலையே வேண்டாம், உங்க கட்டை நானே பொறுப்பெடுத்து ஒழுங்கு பண்ணி வச்சிருக்கேன், பார்த்தா அசந்து போவீங்க என்றாள். அன்று இரவு ஸ்தனிஸ்லாஸ் நிம்மதியாகத் தூங்கினார்.

டிசம்பர் மாதம், ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. முன்வரிசை அதிகாரிகளுக்கு. பார்வையற்றோரைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். அவர்களுக்கு எங்கிருந்தாலும் ஒன்றுதான் என்று விளக்கமும் தந்தார்கள். நல்லுசாமி மைக் பிடித்தார்.

“கண் இல்லாதவர்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களையே கேட்கும் வழக்கம் சில நாடுகளில் இருக்கிறது. அங்கே ஒரே குழப்பம். ஆளுக்கு ஒன்று கேட்கிறார்கள். நம் வாரியம் அந்தத் தவற்றைச் செய்வதில்லை. நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு முடிவெடுக்கிறோம். இந்த நூலை நான் நான்கு நிமிஷம் ஆராய்ந்தேன். இதில் உயிர்ச்சேதம் இருந்தது, நீக்கிவிட்டோம். அபாயகரமான வழிகள் இருந்தன, நீக்கிவிட்டோம். இனி இதில் யாரும் எங்கேயும் தொலைந்துபோக முடியாது என்று உறுதி கூறுகிறேன்.”

சொன்னது முழுக்க உண்மை என்பது அவருக்கே தெரியாது.

பட்டுத் துணி போர்த்திய தாம்பாளத்தில் மூலப்பிரதி வந்தது. சிவப்பு காலிகோத் துணி அட்டை, முதுகில் பொன்னெழுத்து. தலைமை விருந்தினர் அதை உயர்த்திக் காட்டினார். அதன் ஆசிரியர் மேடைக்கு வந்து முதல் தாளைப் படித்துக் காட்டுவார் என்று அறிவித்தார்கள்.

யாரோ முழங்கையைப் பிடித்து ஸ்தனிஸ்லாஸை மேடையேற்றினார்கள். புத்தகத்தைக் கையில் வாங்கியதுமே, என்ன இவ்வளவு ஒல்லியாக இருக்கிறது என்று நினைத்தார். பைண்டிங் சாமர்த்தியம் போலிருக்கிறது. அட்டையைத் திறந்தார். ஆள்காட்டி விரலை முதல் வரியில் வைத்தார்.

ஒன்றுமில்லை.

விரலை வலது பக்கம் நகர்த்தினார். ஒன்றுமில்லை. அடுத்த வரி. அதற்கடுத்த வரி. வழவழவென்று தாள் ஓடியது. டாக்டர் ஒரு வருஷம் என்றாரே, ஆறு மாதம்கூட ஆகவில்லையே என்று நினைத்தார். எதிரே ஐந்நூறு பேர் மூச்சு. மின்விசிறிச் சத்தம். அவர் விரல் செத்துவிட்டது, இந்த மேடையில், எல்லோரும் பார்க்க.

முதல் தாள் அவருக்கு மனப்பாடம். வெறும் தாளில் விரலை நகர்த்திக்கொண்டே சொன்னார். “முதுகில் வெயில். காலடியில் கருங்கல், நடுவில் தேய்ந்த பள்ளம்...” குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எப்படி விரலாலேயே படிக்கிறார் பாருங்கள் என்று நல்லுசாமி மைக்கில் சொல்ல, கைதட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆயிற்று.

கீழே இறங்கி, கடைசி வரிசைக்கு வந்து, ரஷீதாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். விரல் போயிடுச்சும்மா என்றார். இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அழுதிருப்பார்.

ரஷீதா புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவளுடைய விரல் ஊதுவத்திக் குச்சியில் சிலும்பைக் கண்டுபிடிக்கிற விரல். முதல் தாளைத் தடவினாள். நடுவிலே ஒரு தாள். கடைசித் தாள். பிறகு குரலைத் தணித்துச் சொன்னாள்.

“உங்க விரல் நல்லாத்தான் இருக்குண்ணே. புஸ்தகத்துல ஒண்ணும் இல்ல.”

அந்த ஒரு கணம் ஸ்தனிஸ்லாஸுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்காக அவர் பிறகு ரொம்ப நாள் வெட்கப்பட்டார்.

செல்வமேரியே சிரித்துக்கொண்டு வந்தாள். எப்படி இருக்குண்ணே என்று கேட்டாள். அவர் பதில் சொல்வதற்குள் அவளே சொல்லிவிட்டாள். ரூல் பதினாலுக்கு என்ன செய்வது என்று யோசித்தாளாம். தாள் பூரா பொரிப் பொரியாக இருந்ததாம், மழையில் நனைந்து காய்ந்ததுபோல. பாவம், கண் தெரியாதவர், கவனித்திருக்க மாட்டார் என்று வீட்டுக்கு எடுத்துப்போய், ஈரத்துணி போட்டு, கரி இஸ்திரிப்பெட்டியால் ஒவ்வொரு தாளாகத் தேய்த்தாளாம். பதினைந்து நாள். தன் சொந்தக் கரி.

“பன்னெண்டு அங்குலம் மூணரை ஆயிடுச்சுண்ணே. இப்ப பீரோவுல ஜம்முனு நுழையுது.”

அடைக்கலம்தான் கேட்டார். “அந்தப் பொரியெல்லாம் எழுத்துன்னு உங்க ஆபீஸ்ல ஒருத்தருக்குக்கூடத் தெரியாதாம்மா?”

செல்வமேரி சிரிப்பை நிறுத்தினாள். புத்தகத்தைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். இதுக்கெல்லாம் ஆபீஸ்ல யாரும் எங்களுக்கு ஒண்ணும் சொல்லித்தரலையேண்ணே என்றாள். பிறகு மண்டபத்தைவிட்டு வேகமாக வெளியே போய்விட்டாள். அந்த ஆபீஸில் அதற்காக வருத்தப்பட்ட ஒரே ஆள் அவள்தான். அடுத்த மாதமே துறையூருக்கு மாற்றிவிட்டார்கள்.

ஸ்தனிஸ்லாஸுக்கு ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. நூறு பிரதிகள். அவை தேய்ப்பதற்கு முன்னால் அச்சாகியிருக்கலாம் அல்லவா? நல்லுசாமியிடம் போனார். அவர் பெருமையாகவே விளக்கினார். தேய்த்துச் சுத்தமான மூலத்திலிருந்துதான் அச்சிட்டோம். பிரெயில் தெரிந்த ஒருவர் அச்சக வேலைக்கு மனுப் போட்டிருந்தார், கண் பரிசோதனையில் தேறவில்லை என்பதால் எடுக்கவில்லை. இருந்தவர்கள் மூலத்தில் உள்ளதை உள்ளபடி எடுத்தார்கள். சரிபார்ப்பவர் நூறு பிரதியையும் மூலத்தோடு ஒப்பிட்டு, ஒரு புள்ளிகூடப் பிழை இல்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

“சார், அது வெறும் தாளுங்க.”

“நீங்க மூலத்தைக் குடுத்தப்பவே ரசீதுல என்ன எழுதியிருக்கு? எழுத்து எதுவும் இல்லைன்னுதானே. நாங்க ஒண்ணும் எடுத்துக்கலையே.”

நூறு பிரதிகளும் தமிழ்நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தன. பார்வையற்றோர் பள்ளிகளிலிருந்து புகார்க் கடிதங்கள் வந்தன. புதுக்கோட்டை வாத்தியார் மட்டும் ஆறு எழுதினார். எல்லாம் பிரெயிலில். செல்வமேரி இடத்துக்கு வந்த புதிய கிளார்க் ரூல் பதினாலின்படி அவற்றைத் தேய்த்து, வெற்றுத் தாள் என்று பதிவு செய்து, மறுபயன்பாட்டுக்கு அனுப்பிவிட்டார். ஆண்டறிக்கையில் நல்லுசாமி எழுதினார்: ‘நூறு பிரதிகள் வழங்கப்பட்டன. இதுவரை ஒரு புகாரும் இல்லை.’ அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

மூலப்பிரதியைத் திருப்பித் தரச் சொல்லி ஸ்தனிஸ்லாஸ் மனுப் போட்டார். வெளியிடப்பட்ட நூல் வாரியத்தின் சொத்து என்று பதில் வந்தது. கூடவே, ஆசிரியருக்கு உண்மையில் பிரெயில் தெரியுமா என்று சரிபார்க்க ஒரு தேர்வுக்கும் அழைத்திருந்தார்கள். தேர்வுத் தேதி மார்ச். பிப்ரவரியில் அவருடைய ஆள்காட்டி விரல் நிஜமாகவே மரத்துப்போனது.

பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமை. டெலிபோன் அறை. ஸ்தனிஸ்லாஸ் கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரஷீதா தாயக்கட்டையை அவர் பக்கம் தள்ளினாள். சும்மா வாயாலேயே நடத்துங்கண்ணே என்றாள்.

அவர் கட்டையைத் தொடாமலே ஆரம்பித்தார்.

“ஒரு மாடிப்படி. கைப்பிடி இல்ல. ரெண்டாவது மாடியில டைப் அடிக்கிற சத்தம் கேக்குது. கோந்து வாசனை. காத்து எந்தப் பக்கமும் வரல. மேல ஒருத்தர், உக்காருங்கன்னு சொல்றாரு. நாற்காலி எங்கன்னு சொல்லல. என்ன செய்யறீங்க?”

அடைக்கலம் தலையை ஆட்டினார். “சார், எனக்கு இது வேணாம். நான் அந்த யானைகிட்டயே போயிடறேனே.”

“யானை எரநூத்தி ஆறாம் தாள்ல இருந்துச்சு அடைக்கலம். எந்தத் தெரு, எப்படிப் போனீங்கன்னு எனக்கு இப்ப ஞாபகம் இல்ல. தேய்ச்சிட்டாங்க. இருக்கிறது இந்த மாடிப்படி ஒண்ணுதான்.”

அடைக்கலம் கட்டையை உள்ளங்கையில் வைத்து நன்றாக உரசினார். உருட்டினார். அவரும் ரஷீதாவும் தடவிப் பார்த்தார்கள். இரண்டு கட்டையிலும் குழியே இல்லாத பக்கம். பன்னிரண்டு. அதற்கு மேல் அந்த ஆட்டத்தில் விழ முடியாது. ஆறு வருடத்தில் அவருக்குப் பன்னிரண்டு விழுந்தது அதுதான் முதல் தடவை.

“பன்னெண்டு சார்,” என்றார். “சொல்லுங்க, என்ன ஆச்சு?”

ஸ்தனிஸ்லாஸ் சொன்னார்.

“நாளைக்கு வரச் சொல்றாங்க.”